மேல் தொட்டியில் குளோரின் இருக்கிறது, தரைத்தளக் குழாயில் இல்லை: கோலிஃபார்ம் திரும்பத் திரும்ப வருகிறது

சம்ப்_பொறுப்பு கேட்டது:

சென்னைப் புறநகரில் 48 வீடுகள் உள்ள அடுக்ககம், தரைத்தளமும் நாலு மாடியும். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் சம்பில் கலக்கின்றன. சம்ப் 60,000 லிட்டர். மொட்டை மாடியில் 15,000 லிட்டர் கான்கிரீட் தொட்டி இரண்டு. மோட்டார் தண்ணீர் முதல் தொட்டியில் மட்டும் விழும். அடியில் ஒரு இணைப்புக் குழாய் வழியாக இரண்டாவது தொட்டி நிரம்பும். கீழே இறங்கும் லைன் எல்லாம் சிபிவிசி (பிளாஸ்டிக் குழாய்). மொட்டை மாடியைச் சுற்றி ஓடுவது மட்டும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்).

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவுகிறோம், தினமும் முதல் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். கழுவிய வாரம் லேப் ரிப்போர்ட் சுத்தமாக வருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் சமையலறைக் குழாயில் எடுத்த தண்ணீரில் மொத்தக் கோலிஃபார்ம் (தண்ணீரின் சுத்தத்தைக் காட்டும் பாக்டீரியா வகை) மறுபடி வந்துவிடுகிறது. மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை இதுவரை இல்லை. ஓடி (ஆர்த்தோடொலிடின், குளோரின் பார்க்கும் மருந்து) சொட்டு விட்டால் முதல் தொட்டியில் மஞ்சள் நிறம் வருகிறது, தரைத்தளத்தில் நிறமே இல்லை. ஷவர் தலையையும் குழாய் முனை வலையையும் கழற்றினால் உள்ளே வழவழவென்று பிசுக்கு, சில வீடுகளில் இளஞ்சிவப்பாக. கலந்த தண்ணீரின் பிஎச் 8.1, டிடிஎஸ் (கரைந்த உப்புகள்) 900, இரும்பு 0.6 மி.கி.

பவுடரை இரட்டிப்பாக்கலாமா? ஒருவர் வெள்ளி கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடு போடச் சொல்கிறார், இன்னொருவர் மெயின் லைனில் யூவி (புற ஊதா விளக்கு) வைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

---

நீர்ப்பகுப்பு:

இரட்டிப்பாக்க வேண்டாம். முதல் தொட்டியில் வாடை தாங்காது, தரைத்தளத்தில் அப்போதும் பூஜ்யம்தான் இருக்கும். உங்கள் விவரத்திலேயே இரண்டு பெரிய காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது தேக்கம். 48 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாள் செலவு சுமார் 26,000 லிட்டர். நீங்கள் சேமித்து வைத்திருப்பது 90,000. அதாவது சம்பில் இறங்கும் தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வர சராசரி மூன்றரை நாள். வெயிலில் காயும் தொட்டியில் குளோரின் அவ்வளவு நாள் நிற்காது. லாரி கிடைக்காத மாதம் தவிர மற்ற நாட்களில் சம்பின் ஃப்ளோட்டை இறக்கிப் பாதி அளவில் ஓட்டுங்கள்.

இரண்டாவது அந்த இணைப்புக் குழாய். முதல் தொட்டியில் விழுந்து அங்கேயே வெளியேறுகிற தண்ணீர்தான் ஓடுகிறது. இரண்டாவது தொட்டியில் மட்டம் ஏறி இறங்குமே தவிர தண்ணீர் முழுதாக மாறுவதில்லை. அங்கே ஓடி விட்டுப் பாருங்கள், நிறம் வராது என்றே நினைக்கிறேன். மோட்டார் லைனை இரண்டாவது தொட்டிக்கு மாற்றி, வெளியேறும் லைனை முதல் தொட்டியில் மட்டும் வைத்தால் தண்ணீர் இரண்டையும் கடந்துதான் போக வேண்டும். செலவு சில அடி குழாயும் இரண்டு வால்வும்.

பிஎச் 8.1 இன்னொரு சிக்கல். கிருமியைக் கொல்வது பெரும்பாலும் ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7.5இல் குளோரினில் பாதி அந்த வடிவத்தில் இருக்கும், 8.1இல் ஐந்தில் ஒரு பங்குதான். 0.6 மி.கி. இரும்பு தன் பங்குக்கு 0.4 மி.கி. குளோரினைத் தின்னும். லாரித் தண்ணீரில் அமோனியா இருந்தால் கணக்கே மாறிவிடும்: ஒரு மி.கி. அமோனியா நைட்ரஜனைத் தாண்டி தனிக் குளோரின் (அமோனியாவோடு சேராத குளோரின்) நிற்க 8 முதல் 10 மி.கி. குளோரின் வேண்டும்.

ஓடியை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. சொட்டு விட்ட சில நொடிகளில் தெரியும் நிறம்தான் தனிக் குளோரின். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அமோனியாவோடு சேர்ந்த குளோரினும் மஞ்சளாகத் தெரியும். ஓடி உடம்புக்கும் நல்லதல்ல. டிபிடி கிட் (குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் மாத்திரைச் சோதனை) வாங்குங்கள். முதல் மாத்திரை தனிக் குளோரினையும், மூன்றாவதும் சேர்ந்தால் மொத்தக் குளோரினையும் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அமோனியா இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமானால் டிபிடியின் இளஞ்சிவப்பு வெளுத்துப் போய் 'இல்லை' என்று காட்டும். சந்தேகம் வந்தால் 1 மில்லி மாதிரியில் 49 மில்லி ஆர்ஓ தண்ணீர் சேர்த்து அளந்து 50ஆல் பெருக்குங்கள்.

எவ்வளவு போட வேண்டும் என்பதை வாளியிலேயே பார்த்துவிடலாம். 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், திரவக் குளோரின் மருந்து) 100 மில்லியை ஒரு லிட்டராக்கினால் 1 சதவீதக் கரைசல். 20 லிட்டர் சம்ப் தண்ணீரில் இதை 1 மில்லி விட்டால் 0.5 மி.கி./லிட்டர். ஐந்து வாளிகளில் 2, 4, 6, 8, 10 மில்லி விட்டுக் கலக்கி, மூடி, அரை மணி நேரம் கழித்து டிபிடி பாருங்கள். எந்த வாளியில் முதலில் 0.5 நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு. லாரி மாறினால் இதையும் மறுபடி செய்ய வேண்டும்.

---

உயிர்ப்படலம்:

மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடு. 'கழுவிய வாரம் சுத்தம், மூன்றாம் வாரம் கோலிஃபார்ம்' ஏன் என்பதை மட்டும் சேர்க்கிறேன். அது புரியாவிட்டால் மறுபடி தொட்டியை மட்டும் கழுவிவிட்டு நிறுத்திவிடுவீர்கள்.

குழாய்களில் பாக்டீரியாவின் பெரும்பகுதி தண்ணீரில் மிதப்பதில்லை, சுவரில் ஒட்டியிருக்கிறது. அது தானே சுரக்கும் சர்க்கரை, புரதப் பசைக்குள் உட்கார்ந்திருக்கும். நீங்கள் தொட்டுப் பார்த்த வழவழப்பு அந்தப் பசைதான், இதைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம். குளோரின் வேகமாக வினைபுரியும் பொருள் என்பதே இங்கே அதன் பலவீனம். உள்ளே ஊறி இறங்குவதற்குள் மேல் அடுக்குப் பசையோடு வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. 1988இல் லெஷவாலியே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பரப்பில் ஒட்டிய பாக்டீரியா மிதக்கும் பாக்டீரியாவைவிட 150 முதல் 3,000 மடங்குக்கு மேல் தனிக் குளோரினைத் தாங்கியது. மோனோகுளோரமினுக்கு (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) அந்த வித்தியாசம் 2 முதல் 100 மடங்குதான். அது மெதுவாக வேலை செய்வதால் உள்ளே வரை போகிறது. ஆனால் அமோனியா அளவைச் சரியாகப் பிடிக்க வேண்டிய வேலை அது. அடுக்ககத்தில் முயற்சி செய்ய வேண்டாம்.

கொல்வது வேறு, அகற்றுவது வேறு என்பதையும் பார்க்க வேண்டும். அதிகக் குளோரினில் படலம் செத்தாலும் பசை சுவரிலேயே நிற்கும். அடுத்து வரும் பாக்டீரியாவுக்கு அதுவே வீடு, அதுவே சாப்பாடு. அதனால்தான் தேய்க்காமல் மருந்து மட்டும் போட்ட தொட்டியில் சில நாட்களிலேயே வழவழப்பு திரும்புகிறது. முதலில் தேய்ப்பு, பிறகு வேகமான ஓட்டம், கடைசியில்தான் குளோரின். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்கள் ஜிஐ லைனில் துருக் கட்டிகள் இருக்கும். அந்த மேடுகளுக்குள் எந்த மருந்தும் போகாது. துருவே குளோரினைத் தின்றுவிடும். மற்ற வேலையெல்லாம் சரியாகச் செய்தும் அது மறுபடி விதை தூவும். மாற்றிவிடுங்கள். அடுத்து சிங்க், வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள கம்பி வலை போட்ட ரப்பர் ஹோஸ். சில ரப்பர் வகைகளில் படலம் நன்றாக வளரும். பிசுக்கு அதிகமுள்ள வீடுகளில் அதை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். இளஞ்சிவப்புப் பிசுக்கு பெரும்பாலும் செரேஷியா அல்லது மெத்திலோபாக்டீரியம். ஈரப்பரப்பில் காற்றிலிருந்தும் வந்து ஒட்டும். தொட்டியைக் கழுவி அதை நிறுத்த முடியாது, முனை வலையைத்தான் மாதாமாதம் கழற்றிக் கழுவ வேண்டும்.

யூவி விளக்கைக் கடக்கும் தண்ணீரில் உள்ளதைக் கொல்லும், அதற்குப் பின்னால் உள்ள குழாய்ச் சுவரை ஒன்றும் செய்யாது. உங்கள் பிரச்சினை விளக்குக்குப் பின்னால் இருக்கிறது. பெராக்சைடு படலத்தைத் தளர்த்தும் என்பது உண்மை; கடும் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் குளோரின் உள்ள தண்ணீரில் ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தினசரி இரண்டையும் சேர்த்து ஓட்டுவது பணத்தைச் சாக்கடையில் விடுவதுதான்.

---

குழாய்வேலை_மதுரை:

சார், செய்முறையைச் சொல்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள்: ஆர்ஓ மெஷினின் இன்லெட் வால்வை மூட வேண்டும் (அதிகக் குளோரின் மெம்பரேனைக் கெடுத்துவிடும்), கீசர் ஸ்விட்ச் ஆஃப், மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றக் கூடாது. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர் யாராவது இருந்தால் அவரிடம் நேரில் பேசுங்கள், நோட்டீஸ் ஒட்டினால் போதாது. குளோரின் உள்ள தண்ணீர் டயாலிசிஸ் மெஷினில் போனால் உயிருக்கே ஆபத்து.

சம்ப்: வடித்த பிறகு உள்ளே இறங்குவதற்கு முன் இரண்டு மூடியையும் திறந்து பிளோயர் வைத்து ஒரு மணி நேரமாவது காற்று ஓட்டுங்கள். மேலே ஒருவர் கயிறோடு நிற்க வேண்டும். இறங்கியவர் மயங்கினால் மேலே நிற்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. அப்படித்தான் இரண்டாவது உயிரும் போகிறது. சம்புக்குள் குளோரின் கரைசல் தெளிக்கவே வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். ஆசிடும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு. நைலான் பிரஷ்ஷும் தண்ணீர்ப் பீச்சும் போதும். தேய்க்க வேண்டிய இடம் தரை மட்டுமல்ல. தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் கோடு, மூலைகள், ஃபுட் வால்வின் (உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வு) வலை, சக்‌ஷன் குழாயின் வெளிப்பக்கம். இந்தக் கடைசி இரண்டையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சேற்றை மோட்டாரில் இழுக்காமல் வாளியில் அள்ளிவிடுங்கள்.

ஆள் மேலே வந்த பிறகு 3,000 லிட்டர் தண்ணீர் விட்டு அதில் 10 சதவீத ஹைப்போ ஒன்றரை லிட்டர். அது 50 மி.கி./லிட்டர். ஆறு மணி நேரம் கழித்து அதை வடிக்காமல் அப்படியே சம்ப் முழுக்க நிரப்பினால் 2.5 மி.கி. ஆகும். 24 மணி நேரம் நின்ற பிறகு 2 மி.கி. இருந்தால் சம்ப் சரி. 60,000 லிட்டரையும் 50 மி.கி.யாக்கி வடிப்பதானால் 30 லிட்டர் ஹைப்போவும் இரண்டு நாள் தண்ணீரும் வீண்.

மேல் தொட்டிகள்: இவையும் மூடிய இடம்தான், அதே எச்சரிக்கை. தேய்த்துக் கழுவியதும் 15,000 லிட்டருக்கு ஏழரை லிட்டர் 10 சதவீத ஹைப்போ, அதுவும் 50 மி.கி. கணக்கு. பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால் 30 சதவீதப் புதுப் பவுடர் இரண்டரை கிலோ. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அந்த வண்டலைத் தொட்டியில் கொட்டுவது படலத்துக்குக் கட்டில் போட்டுக் கொடுக்கும் வேலை.

லைன்: குளோரின் ஏற்றுவதற்கு முன் வேகமாக ஓட்டிக் கழுவ வேண்டும். நொடிக்கு 0.9 மீட்டர் வேகமாவது வந்தால்தான் வண்டல் பெயரும். உள்விட்டம் 25 மி.மீ. குழாய்க்கு அது நிமிடத்துக்கு 26 லிட்டர், 40 மி.மீ.க்கு 68 லிட்டர். ஒரு லைனைத் தவிர மற்றவற்றின் வால்வை மூடி, கீழ்க்கோடியில் முனை வலை கழற்றிய குழாய்களை ஒன்றாகத் திறந்து வாளியில் அளந்து பாருங்கள். வரவில்லை என்றால் லைனின் கீழ்முனையில் ஒரு வாஷ்-அவுட் வால்வு (வண்டலை வெளியேற்றும் வால்வு) போடுங்கள். போட்டது போட்டதுதான், எந்நாளும் உதவும். அடைப்பு போட்டு விட்ட பழைய கிளைகளை 'டீ' இணைப்பை ஒட்டியே வெட்டிவிடுங்கள். ஒரு அடி செத்த குழாய் இருந்தாலும் அது வளர்ப்புப் பண்ணைதான்.

இரவு 10 மணிக்கு, தொட்டிக்கு அருகில் உள்ள குழாயிலிருந்து கடைசிக் குழாய் வரை ஒவ்வொன்றாகத் திறந்து குளோரின் வந்ததை உறுதி செய்து மூடுங்கள். வாடை போதாது, 50 வரை காட்டும் தாள் பட்டையில் பாருங்கள். காலை 6 மணிக்குக் கடைசிக் குழாயில் 10 மி.கி.க்குக் கீழே போயிருந்தால் உள்ளே இன்னும் தின்னும் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த இரவும் செய்ய வேண்டும்.

---

சம்ப்_பொறுப்பு:

இரண்டாவது தொட்டியில் பார்த்தேன். நிறம் வரவில்லை, அடியில் நாலு விரல் வண்டல். ஜிஐ லைனுக்கும் மதிப்பீடு கேட்டிருக்கிறோம். இரண்டு சந்தேகம்: எங்களிடம் சின்ன எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது, அந்தக் குளோரின் தண்ணீரை அதில் விடலாமா? பிறகு, தினமும் கையால் போடுவதற்குப் பதில் டோசிங் பம்ப் (மருந்தை அளந்து செலுத்தும் சின்ன பம்ப்) வைத்தால் எந்த இடத்தில்?

---

டோசிங்_பம்ப்:

எஸ்டிபிக்கு அப்படியே விடாதீர்கள், அதன் பாக்டீரியாவும் செத்துப்போகும், வாரக்கணக்கில் மீளாது. மழைநீர் வடிகாலிலும் கூடாது. தொட்டியிலேயே சோடியம் தயோசல்பேட் படிகம் போட்டு நடுநிலையாக்குங்கள். ஒரு கிராம் குளோரினுக்கு 7 கிராம். 15,000 லிட்டரில் 20 மி.கி. மிச்சம் இருந்தால் 300 கிராம் குளோரின், அதற்கு 2.1 கிலோ. டிபிடியில் பூஜ்யம் பார்த்துவிட்டு வடியுங்கள். பிறகு தொட்டியைப் புதுத் தண்ணீரால் ஒருமுறை அலசி, ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் 1 மி.கி.க்குக் கீழே வந்த பிறகுதான் ஆர்ஓ வால்வுகளைத் திறக்கச் சொல்லுங்கள்.

டோசிங் சம்புக்கு வரும் லைனில் வைத்தால் குளோரினுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும், ஆனால் லாரித் தண்ணீர் அந்த லைனில் வராது. உங்கள் நிலைமைக்கு சம்பிலிருந்து மேலே ஏற்றும் மோட்டாரின் டெலிவரி லைன்தான் சரி. மோட்டார் ஸ்டார்ட்டரோடு டோசிங் பம்ப்பை இணைத்துவிடுங்கள். மோட்டார் ஓடினால் மட்டும் அது ஓட வேண்டும். மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் ஏற்றுகிறது, வாளிச் சோதனையில் 2 மி.கி. வந்தது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 20 கிராம் குளோரின், அதாவது 1 சதவீதக் கரைசல் மணிக்கு 2 லிட்டர். 10 சதவீதத்தை அப்படியே வைத்து மணிக்கு 200 மில்லி ஓட்டலாமே என்று தோன்றும். வெயிலில் அடர்ந்த ஹைப்போ வாயு விடும், பம்ப் தலையில் குமிழ் அடைத்துக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும், பம்ப் டிக்டிக் என்று அடித்துக்கொண்டே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நீர்த்து வையுங்கள். நீர்க்க ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். 900 டிடிஎஸ் தண்ணீரில் கலந்தால் சுண்ணாம்பு படிந்து இன்ஜெக்‌ஷன் முனை அடைத்துவிடும். முனையை மாதம் ஒருமுறை கழற்றி, தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே வினிகரில் ஊறவிடுங்கள். ஹைப்போ கேன் நிழலில் இருக்க வேண்டும், தயாரித்த தேதி பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள்.

---

நீர்ப்பகுப்பு:

எட்டு மணி நேரம் என்பது ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கான சமரசம். 24 மணி நேரம் முடியாது என்பதால் ஒரு வாரம் விட்டு இன்னொரு இரவும் லைனுக்கு மட்டும் அதே 50 மி.கி. செய்யுங்கள். முதல் முறை மேல் அடுக்கு தளர்ந்திருக்கும், இரண்டாம் முறை உள்ளே போகும். நடுவில் உள்ள நாட்களில் தண்ணீர் கலங்கலாக வந்தால் பயப்பட வேண்டாம், பெயர்ந்த படலம்தான். குடிக்கக் கொதிக்க வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாதிரி எடுக்கும் முறையையும் மாற்றுங்கள். இதுவரை முனை வலையோடு எடுத்திருந்தால் வலையில் உள்ள பிசுக்கைத்தான் லேப் எண்ணியிருக்கும். ஒரே குழாயில் இரண்டு பாட்டில் எடுங்கள்: காலையில் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர் ஒன்று, வலையைக் கழற்றி, முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகு ஒன்று. முதலாவதில் மட்டும் கோலிஃபார்ம் என்றால் அந்த வீட்டுக் குழாயும் ஹோஸும்தான் காரணம். இரண்டிலும் என்றால் லைன் அல்லது தொட்டி. லேப் தரும் பாட்டிலில் தயோசல்பேட் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று பொய்யான நல்ல ரிப்போர்ட் வரும். பாட்டிலை அலசாதீர்கள், ஐஸ் பெட்டியில் அன்றே கொடுங்கள்.

குளோரின் வழக்கமான அளவுக்கு வந்து இரண்டு நாள் கழித்து முதல் சோதனை. அது நன்றாக வந்தாலும் முடிவு சொல்லாதீர்கள், உங்களுக்கு எப்போதுமே முதல் வாரம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் அதே தரைத்தளக் குழாயில் எடுங்கள். கூடவே தினமும் அங்கே டிபிடி எழுதி வையுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 கேட்பது குறைந்தது 0.2 மி.கி. பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை? வாரம் ஒருமுறை வாட்ச்மேன் அவற்றில் எல்லாக் குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிட சாவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.